ஐந்தாம் வரிசையின் உடைந்த மூலை

முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் வரைபடங்களில் பிழை பிடித்து வாழ்ந்தவன் நான். கனடாவின் ஸ்காபரோவில் யார் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டினாலும், யார் கடையை மண்டபமாக மாற்ற நினைத்தாலும், அந்த விண்ணப்பம் நகரசபையில் என் மேசைக்கு வரும். படிக்கட்டின் கைப்பிடி எந்த உயரம், கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, தீப்பிடித்தால் சனம் எந்த வழியால் ஓடும் என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஓட வழி இருக்காது. விண்ணப்பம் திரும்பிப் போகும். என்னை யாரும் விரும்பியதாக நினைவில்லை. பிரியாவிடைக்கு வாங்கிய கேக்கில்கூட என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. பழக்கதோஷத்தில் அதையும் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் வெட்டினேன்.

ஓய்வு பெற்றபின் இனி ஒருவருடைய படிவத்தையும் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். சனம் விடவில்லை. றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் மைத்துனருக்கு பேஸ்மென்றில் குசினி வேண்டும். பிறம்ரனில் இருக்கும் சகலனுக்கு மூன்றாவது காரை நிறுத்த ட்றைவேயை அகலப்படுத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "எல்லாம் மறந்துபோச்சு." அந்தப் பதிலை நான் சொல்லாமல் விட்ட ஒரே ஆள் பக்கத்து வீட்டுக் கிரேக்கர்.

வெக்ஸ்போர்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே வேலி. இருபது வருடத்துக்கு மேலாக அவரும் நானும் அந்த வேலிக்கு மேலாகப் பேசி வருகிறோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நாற்பது வருடம் மற்றவர்களின் குளியலறைகளிலும் குசினிகளிலும் ரைல்ஸ் பதித்தவர். நான்கு வயதில் தாய் தகப்பனோடு கப்பலில் வந்து சேர்ந்தவர். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான்; அது அவருக்கும் இரண்டாவது மொழி, எனக்கும் இரண்டாவது மொழி. இங்கே எழுதும்போது அவர் யாழ்ப்பாணத்தாரைப்போலப் பேசினால் அது என் கையின் குணம், அவருடைய குற்றமல்ல.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் கராஜில் வைன் போடுவார். பீப்பாயில் ஊறும் திராட்சைத் தோல் மேலே மிதக்காமலிருக்க ஒரு பலகை. பலகைக்கு மேல், சாக்கில் சுற்றி, ஒரு கல். இரண்டு அரிசிப் பையின் பாரம் இருக்கும். அவருடைய தகப்பன் ஊரிலிருந்து கொண்டுவந்த கல் என்று தெரியும். அம்மி, ஆட்டுக்கல் வகையறா என்று நினைத்துக்கொண்டு நான் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

பனி உருகி முடிந்த ஒரு காலையில் அவர் கையில் ரப்லெற்றோடு வந்து, எங்கள் பின்கதவைத் தட்டினார்.

"உம்மட்ட ஒரு விசயம் கதைக்கவேணும். உம்மை ஏன் தெரிஞ்செடுத்தனான் எண்டால், நீர் கிரேக்கனில்லை."

"முப்பது வருசத்தில எனக்குக் கிடைச்ச முதல் தகுதிச் சான்றிதழ்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. படத்தைக் காட்டினார்.

மலைச்சரிவு ஒன்றைக் குடைந்து அரைவட்டமாகக் கல் இருக்கைகள். கீழே வட்டமான வெளி. அப்பால் ஒலிவ் மரங்கள், அதற்கும் அப்பால் ஒரு கீற்றுக் கடல். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட நாடக அரங்கு. அவருடைய கிராமத்துக்கு மேலே இருப்பது. தகப்பனுடைய காலத்தில் அது முட்பற்றைக்குள் ஆடு அடைக்கும் இடம். இப்போது கிண்டி எடுத்து, கல்லைக் கல்லாக அடுக்கி, சனம் வந்து நாடகமும் பாட்டும் கேட்பதற்குத் திறக்கப்போகிறார்கள். நூற்றாண்டுகளாக ஊரார் தூக்கிக்கொண்டு போன கற்களைத் திருப்பித் தாருங்கள் என்று அறிவித்திருந்தார்கள். கிணற்றுக் கட்டிலிருந்தும் கோழிக்கூட்டிலிருந்தும் கற்கள் வந்துகொண்டிருந்தன.

அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஐந்தாம் வரிசை, படிக்கட்டு ஓரத்து இருக்கை. அதன் மூலை உடைந்திருந்தது.

"இதுதான் என்ர கராஜில கிடக்கிறது."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"நாப்பது வருசம் உடைஞ்ச துண்டைப் பாத்து மற்றத் துண்டைத் தேடினவன் நான். எனக்குத் தெரியும்."

"அப்ப குடுக்கிறதுதானே?"

"கேள்வி கேக்கமாட்டம் எண்டவை. எண்டுபோட்டுப் பதினொரு கேள்வியோட ஒரு ஃபோம் அனுப்பியிருக்கினம்."

அந்த அலுவலகத்தின்மீது எனக்கு உடனே ஒரு பாசம் வந்தது. உலகம் முழுக்க நாங்கள் ஒரே சாதிதான்.

அவருடைய கரைச்சல் ஆறாவது கேள்வி. 'இந்தக் கல்லை அரங்கிலிருந்து எடுத்தவர் யார், எவ்வாறு?' அதற்கான பதில்களை ஒரு பதிவேட்டில் சேர்த்து, திறப்பு விழாவிலிருந்து அரங்க வாசலில் வைக்கப்போகிறார்கள். ஊரில் அவருக்கு ஒரு மச்சாள் இருக்கிறா, தகப்பனின் தமக்கையுடைய மகள். வாய் என்றால் வாய். தகப்பனுக்கு ஊரில் நல்ல பெயர்: வெறுங்கையோடு போய், உழைத்து, தங்கச்சிமாரைக் கரைசேர்த்தவர் என்று. வாசலில் 'இவர் கல்லைத் தூக்கிக்கொண்டு போனவர்' என்று எழுதி வைத்தால் மச்சாளுக்கு ஆயுள் முழுக்கப் போதும். தெரிந்த கிரேக்கர் ஒருவரிடம் உதவி கேட்டாலும் ஞாயிறு பூசை முடியுமுன், கிரேக்கர் நிறைந்த டான்ஃபோர்த் வீதி முழுக்கத் தெரிந்துவிடும்.

பேசாமல் இருந்துவிடவும் வழியில்லை. ஆறு கிழமையில் கொத்தர்கள் அந்தப் படிக்கட்டுக்கு வந்துவிடுவார்கள். சனம் ஏறி இறங்கும் ஓரம். பள்ளத்தை அப்படியே விட்டுத் திறக்க முடியாது. புதுக்கல் வெட்டிப் பொருத்திவிட்டால், பிறகு இந்தக் கல் போனாலும் அங்கே களஞ்சியத்தில் ஓர் இலக்கத்தோடு கிடக்க வேண்டியதுதான்.

"கல்லு அதின்ர இடத்தில இருக்கவேணும்" என்றார். "ஆனால் அப்பாவைக் கள்ளனாக்கக் கூடாது. இதை எப்பிடிச் செய்யிறது? உமக்குத்தான் எல்லா ஓட்டையும் தெரியுமே."

"ஆறாவதுக்கு 'தெரியாது' எண்டு எழுதும்" என்றேன். "முப்பத்தொரு வருசத்தில 'தெரியாது' எண்டதை ஏற்றுக்கொள்ளாத கந்தோரை நான் காணேல்லை."

அவர் முகம் தெளிந்தது. நானும் ஒரு நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

படிவத்தோடு இணைப்பாக, வேலை நடக்கும் முறையை விளக்கும் ஓர் அறிக்கையும் ஆங்கிலத்தில் இருந்தது. வேலைக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞர் ஒரு பெண், எழுதியவரும் அவரே. நான் அதை மேலோட்டமாகப் பார்க்கலாம் என்று மாலைத் தேநீரோடு எடுத்தேன். தேநீர் ஆறிப்போனது.

என் உத்தியோக காலத்தில் நான் வாசித்த அறிக்கைகளில் பாதி, எழுதியவர் வழக்குக்குப் பயந்து எழுதியவை. மீதி, வாசிப்பவர் வாசிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதியவை. இந்த அறிக்கையில் அந்த இரண்டு குணமும் இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இலக்கம், ஒரு வரைபடம். இல்லாத இடத்துக்குப் புதுக்கல், அதே மலையின் கல். ஆனால் அதன் முகத்தை வேறு உளியால் கொத்த வேண்டும். எட்டப் பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். கிட்டப் போனால் எது பழையது எது புதியது என்று குழந்தைக்கும் தெரியவேண்டும், யாரையும் ஏமாற்றக்கூடாது. கல் போதாத மேல் வரிசைகளை ஒப்பேற்றக்கூடாது, புல்லாகவே விடவேண்டும். சக்கர நாற்காலிக்கான பலகைத் தளம் மணலின்மேல் இருக்கவேண்டும். பழைய கல்லில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. எந்த வேலையைச் செய்தாலும், பின்னால் வருகிறவர் அதைக் கழற்றிவிட்டு இன்னும் நன்றாகச் செய்யக்கூடியதாகச் செய்யவேண்டும். இந்தக் கடைசி வசனத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாங்கள் ஒப்பமிட்ட எந்த அனுமதியிலும், நாங்கள் பிழையாக இருக்கக்கூடும் என்ற ஒரு சொல் கிடையாது.

பன்னிரண்டாம் பக்கத்தில் எழுந்து நின்றேன். எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதை அந்தப் பெண் இருக்கைகளை எண்ணித் தீர்மானிக்கவில்லை. வெளியேறும் வழியின் அகலத்தை வைத்துத் தீர்மானித்திருந்தார். அது என் துறை. கல்குலேற்றரை எடுத்து, எங்கள் விதிகளின்படி நானும் கணக்குப் பார்த்தேன். வட்ட வெளியின் இரண்டு பக்கத்திலும் பழையவர்கள் விட்ட வாசல்கள் தாராளமாகப் போதும். படிக்கட்டுகள் போதும். திருப்பங்களில் நெரிசல் இல்லை. என் கைக்கு வந்தவற்றில் முதல் தடவையிலேயே தேறிய விண்ணப்பம் இது ஒன்றுதான். விண்ணப்பதாரர்கள் செத்து இரண்டாயிரம் வருடம் ஆகிவிட்டது என்பதுதான் குறை.

மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லது" என்றாள். "தேத்தண்ணியைச் சூடாக்கித் தரட்டோ?"

அந்தக் கல் அந்த மூலையில் பொருந்துமா என்று நிரூபிக்க, உடைந்த முகத்தின் வடிவத்தை அங்கே அனுப்பவேண்டும். ரைல்ஸ்காரர்களிடம் சீப்புப்போல ஒரு கருவி உண்டு. அதன் ஊசிகளை ஒரு வளைவில் அமர்த்தினால் அந்த வளைவு அப்படியே பதிந்துவிடும். குழாயைச் சுற்றி ஓடு வெட்டுவதற்கு வைத்திருப்பார்கள். அவர் அந்தச் சீப்பை உடைந்த முகத்தில் விரலளவு இடைவெளி விட்டுவிட்டு அமர்த்தி அமர்த்தித் தர, நான் ஒவ்வொன்றையும் முழு அளவில் தாளில் வரைந்தேன். அவருடைய கராஜில் பீப்பாய்களும் இருட்டும் என்பதால், கல்லைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்திருந்தோம். இரண்டு கிழவர்கள் ஒரு கல்லோடு மூன்று நாள். அவர் அமர்த்துவார், "எடும்" என்பார்; நான் கோடு இழுப்பேன். ஒரு தரமும் அவசரப்படவில்லை. அவர் பதித்த குளியலறைகளில் நின்று குளிப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அறிக்கையில் தடித்த எழுத்தில் ஒரு கட்டளை இருந்தது: கல்லைச் சுத்தம் செய்யவேண்டாம், தூசிகூடத் தட்டவேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணும் வெயில்பட்ட மேல் தோலும் சாட்சிகள். நான் முறைப்படி எல்லோருக்கும் அறிவித்தேன். அவருக்குச் சொன்னேன். அவருடைய மனைவிக்குச் சொன்னேன். அவர்கள் வீட்டில் புல்லு வெட்டும் ஆளுக்கும் சொன்னேன். பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல் எழுதி அவர்களுடைய கராஜ் கதவிலும் ஒட்டினேன்.

சனிக்கிழமை தாள்களை ஸ்கான் செய்ய நூலகத்துக்குப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தபோது, எங்கள் ட்றைவேயில், பழைய துவாய் ஒன்றின்மேல், வெயிலில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது.

நான் காரைவிட்டு இறங்கவில்லை. மனைவிதான் கண்ணாடியைத் தட்டினாள்.

"பாத்தீங்களே? எப்பிடி வெளிச்சிட்டுது!"

"என்ன செய்தனீர்?"

"கழுவினனான். பின்ன, அவையின்ர ஊருக்குப் போற சாமான், அதுகும் ஆயிரம் சனம் வந்து பாக்கிற இடம். வைன் மணத்தோடயும் ஊதாக் கறையோடயும் அனுப்பிறதே? கோயில் கல்லுப்போலக் கிடக்கு, பாவம்."

"என்ன போட்டுத் தேய்ச்சனீர்?"

"பழப்புளி. விளக்குத் தேய்க்கிற புளியும் தும்பும். வேற என்னத்தைப் போடுறது?"

சுண்ணாம்புக் கல்லில் புளி. பள்ளிக்கூட இரசாயனம். "தேய்க்கேக்க நுரைச்சதோ?" என்று கேட்டேன்; கேட்காமலே தெரியும்.

"ஓம், நல்லா நுரைச்சது. அப்பதானே ஊத்தை போகும்."

"கராஜ் கதவில எழுதி ஒட்டினதை நீர் பாக்கேல்லையோ?"

"அது அவையின்ர கதவிலயெல்லோ ஒட்டிக்கிடக்கு! கல்லுக் கிடக்கிறது எங்கட கராஜில."

புல்லு வெட்டுகிறவர்வரை அறிவித்தவன், கல் இருக்கிற வீட்டில் இருக்கிற ஆளுக்கு அறிவிக்கவில்லை. வேறு யாராவது அப்படிச் செய்து என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் சுற்றியிருப்பேன்.

உள்ளே போய் இருந்து, படிவத்தோடு அனுப்ப நான் எழுதி வைத்திருந்த, கல்லின் நிலைமை பற்றிய அறிக்கையைத் திருத்தினேன். உத்தியோகக்காரனுக்கு இப்படியான வேளைகளில் ஒரு தனி மொழி கைகொடுக்கும். 'முன்னைய உரிமையாளரின் பராமரிப்புக் காலத்தில் மேற்பரப்பு அமிலத் தாக்கத்துக்கு உள்ளாகியிருக்கலாம்.' அழகான வசனம். ஒரு பொய்யும் இல்லை; வைனும் அமிலம்தானே. ஓர் உண்மையும் இல்லை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். நடந்தது எவ்வளவு பெரியது என்று அதற்குள் அவளுக்கு விளங்கியிருந்தது, முகம் சுருங்கியிருந்தது. தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"முன்னைய உரிமையாளர் ஆர்?"

"அவரின்ர தேப்பன்."

"செத்த மனிசன்ர தலையிலயோ போடுறியள்? அந்தாள் தன்ர தேப்பனுக்குப் பழி வந்திடுமெண்டெல்லோ உங்களட்ட ஓடி வந்தது!" அவள் விரல் திரையில் அந்த வசனத்தின்மேல் குத்தி நின்றது. "அழியுங்கோ. நான் தேய்ச்சது. நான் தேய்ச்சதெண்டு எழுதுங்கோ. புளியெண்டும் எழுதுங்கோ. முதல்ல வாங்கோ, அந்தாளுக்குப் போய்ச் சொல்லுவம்."

அவர் முன்வாசலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மனைவிதான் சொன்னாள், நேரடியாக, ஆங்கிலத்தில், நடுவில் 'புளி'க்கு மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து. அவர் எங்களோடு வந்து ட்றைவேயில் குந்தி, வெள்ளைப் பரப்பில் உள்ளங்கையை வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"உடைஞ்ச பக்கம்?"

"உடைஞ்ச பக்கத்தை ஆர் தேய்க்கிறது?" என்றாள் மனைவி. "கையெல்லோ கிழிஞ்சுபோம்."

அவரும் நானுமாகக் கல்லைப் புரட்டினோம். உடைந்த முகத்தில் பழுப்பு மண் அப்படியே இருந்தது. ஒரு பிளவுக்குள் மயிர்போல ஒரு காய்ந்த வேர்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலை, அங்கே பின்னேரம், கட்டடக் கலைஞர் காணொளியில் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். தலையில் பாதுகாப்புத் தொப்பி, புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. எங்கள் சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூவர். அந்தப் பெண் என் திருத்திய அறிக்கையைக் கையில் வைத்திருந்தார். சத்தமாக வாசித்தார். புளியில் வந்து நின்றார்.

"இது என்ன பொருள்?"

மனைவி எழுந்துபோய், பழப்புளிப் பைக்கற்றைக் கொண்டுவந்து கமராவுக்கு முன்னால் பிடித்தாள்.

"எவ்வளவு நேரம் கல்லில கிடந்தது?"

"அடுப்பில சோறு கிடந்தது. சோறு அவியிற நேரம்."

"அது எவ்வளவு?"

"இருபது நிமிசம். பிறகு நல்ல தண்ணியில கழுவினனான்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். இருபது நிமிடம் என்பதற்குக் கீழே கோடு போட்டதையும் கண்டேன். பிறகு எங்களை ஆறுதல்படுத்த ஒரு சொல்லும் செலவழிக்காமல் சொன்னார்: மேல் தோல் மெல்லிசாகப் போய்விட்டது. அதைத் திரும்ப வைக்க ஏலாது. பக்கத்துக் கற்களைவிட இது பல வருடம் வெளிறித்தான் தெரியும். இன்னொரு தரம் யாரும் இதில் எதுவும் போடவேண்டாம்.

மனைவி தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைபோல இருந்தாள்.

"ஆனால், சுத்தம் செய்து அனுப்பின கல்லு எனக்கு எத்தினையோ வந்திட்டுது" என்று தொடர்ந்தார். "எல்லாத்திலயும் மழைதான் செய்தது எண்டு எழுதியிருக்கும். ஒரு ஆள் செய்தது எண்டு எழுதி வந்தது இதுதான் முதல். என்ன போட்டது எண்டு தெரிஞ்சால்தான் நான் அடுத்து என்ன செய்யலாம் எண்டு யோசிக்கலாம். நன்றி." பிறகு உடைந்த முகத்தைக் காட்டச் சொன்னார். காட்டியதும் கதிரையை முன்னால் இழுத்தார். "அதைத் தொடாதேங்கோ. எனக்குத் தேவையானது முழுக்க அதிலதான் இருக்கு."

அடுத்ததாக எங்கள் படிவத்தின் பிரதியைப் புரட்டினார். ஆறாவது கேள்வி. "இதில 'தெரியாது' எண்டு இருக்கு. பரவாயில்லை. அப்பிடியும் ஏற்றுக்கொள்ளுவம்."

நான் சொன்னேனா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் புளிப் பைக்கற்றைக் கையில் வைத்திருந்தாள்.

அவர் திரைப்பக்கம் திரும்பிக் கிரேக்கத்தில் பேசத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கைகள் ஒரு சரிவைக் காட்டின, எதையோ தூக்கின, ஒரு பெட்டியை மூடின. அந்தப் பெண் குறுக்கிடவில்லை. முடிந்ததும் அவர் என்னிடம் கையை நீட்டினார். படிவத்தைக் கேட்கிறார் என்று விளங்கிக் கொடுத்தேன். 'தெரியாது' என்பதை ஒரு கோட்டால் வெட்டி, அதற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, முறையாக, கீழே ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதைப் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

தகப்பன் அங்கே ஆடு மேய்த்தவர். கப்பலுக்குப் போக முதல்நாள், ஆடுகளைத் தமையனிடம் ஒப்படைக்கப் போனார். ஒப்படைத்த பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் சரிவில் இருந்தார். அந்த மூலை உடைந்து தனியாகக் கிடந்தது. தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெட்டியில் இடமில்லை என்று தாய் சண்டை பிடித்தா. அவர் சாப்பாட்டுக் கோப்பைகளை வெளியே எடுத்துவைத்துவிட்டு அந்த இடத்தில் கல்லை வைத்தார். கனடாவுக்கு வந்து முதல் மாதம் மூவரும் ஒரு சட்டியில் சாப்பிட்டார்கள்.

"கல்லு முதலே உடைஞ்சுதான் கிடந்ததோ?" என்று கேட்டேன். சும்மா இருக்க முடிந்தால் நான் அந்த வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்திருக்கமாட்டேன்.

"அப்பா அப்பிடித்தான் சொன்னவர். 'அப்பா சொன்னவர்' எண்டுதான் எழுதியிருக்கிறன்."

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தார். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்து எழுதத் தெரிந்த பொறியியலாளர்களை என் காலத்தில் ஒரு கை விரலில் எண்ணலாம்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பெண் அரங்கிலிருந்தே அழைத்தார். என் தாள்களின்படி பலகையில் வெட்டிய மாதிரி மூலை ஒன்றை ஒரு கொத்தர் கையில் வைத்திருந்தார். காற்று பலமாக அடித்தது. ஒருவர் பேசுவதும் ஒழுங்காகக் கேட்கவில்லை. கொத்தர் குனிந்து, மாதிரியை ஐந்தாம் வரிசையின் உடைந்த முகத்தில் வைத்தார். சற்று மேலே தூக்கி, மறுபடி வைத்தார். அந்தப் பெண் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இரண்டுக்கும் நடுவே செருகிப் பார்த்தார். தாள் போகவில்லை. இன்னோர் இடத்தில் செருகினார். அங்கும் போகவில்லை. நான் பக்கத்தில் இருந்த கிரேக்கரைப் பார்த்தேன். அவர் சீப்புக் கருவியை மடியில் வைத்து, அதன் ஊசிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"புதுக்கல்லு வெட்டேல்லை" என்று காற்றுக்கு மேலால் கத்தினார் அந்தப் பெண். "அனுப்புங்கோ!"

கல் தூதரக வழியாகப் போனது. பெட்டியை அடித்தவர் அவர். பெட்டியின் ஆறு பக்கத்திலும் அறிவித்தல் ஒட்டியவன் நான். கோடைக்குள் கல்லைப் பொருத்திவிட்டார்கள். படம் வந்தது. சாம்பல் நிற இருக்கைகளின் ஓரத்தில் ஒரு மூலை மட்டும் பால் போல வெளிறி நிற்கிறது. என் மனைவி அந்தப் படத்தைச் சொந்தக்காரர் எவருக்கும் அனுப்ப விடவில்லை.

அரங்கு திறந்து ஒரு கிழமை போயிருக்கும். ஒரு மத்தியானம் அவர் வேலிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று முகத்தில் தெரியவில்லை.

"மச்சாள் கோல் எடுத்தவள்."

"வாசிச்சிட்டாவோ?"

"வாசலில நிண்டு முழுக்க வாசிச்சவளாம். ஊரில ஒரு வீடு மிச்சமில்லையாம். எல்லாற்ற பேரும் கிடக்காம்."

"உம்மட கதைக்கு என்ன சொன்னவ?"

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார். "'உன்ர கொப்பர் ஒரு மூலை மட்டுமோ கொண்டுபோனவர்? என்ர அப்பர் மூண்டு முழுக்கல்லில வீட்டுக்குப் படி கட்டினவர். அதைக் கழட்டிக் குடுத்தாப்பிறகு நாங்கள் இப்ப பெட்டியை வைச்சு ஏறுறம்' எண்டாள்."

சொல்லி முடிக்கமுன்னமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அவளவை தங்கட படிக்கு 'தெரியாது' எண்டு எழுதிக் குடுத்திருந்தவையாம். அப்பான்ரையை வாசிச்சுப்போட்டு, அடுத்தநாள் கந்தோருக்குப் போய் மாத்திவிட்டவளாம். தேப்பன்ர பேரைப் போட்டு."

"வெட்டின இடத்தில கையெழுத்து வைச்சவவோ?"

"வைச்சவளாம். திகதியும் போட்டவளாம்."

"அப்ப சரி" என்றேன்.